உதவித்தொகை நின்றுபோனால் யாரிடம் முறையிடுவது?
வாசகர் கேள்வி – பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டது குறித்துக் கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சிறு வயதிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைவு. பத்து வயதில் மருத்துவக் குழு 50 விழுக்காடு என்று சான்று கொடுத்தது. அதை வைத்துப் பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 18 வயது முடிந்ததும் சான்றைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். இந்த முறை 25 விழுக்காடு என்று எழுதிவிட்டார்கள். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "விழுக்காடு குறைஞ்சுபோச்சும்மா, எங்க கையில ஒண்ணுமில்ல" என்கிறார்கள். கணவர் இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறேன். கோர்ட்டுக்குப் போனால் பெரிய செலவு ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு வேறு வழி உண்டா?
— பண்ருட்டி வட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் வழியைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் மகனைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவு ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 25 விழுக்காடு என்று எழுதியது மருத்துவக் குழு. அந்த எண்ணைப் பார்த்து உதவித்தொகையை நிறுத்தியது மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அலுவலகத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் பாதி உண்மை. விழுக்காட்டை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் பணத்தை நிறுத்தியது அவர்களுடைய முடிவுதான். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு முடிவுகளையும் தனித்தனியே எதிர்க்க வேண்டும். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கொட்டினால், ஒருவர் மற்றவரைக் கை காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

முதலில் மருத்துவக் குழுவின் முடிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 58ஆம் பிரிவு சான்றிதழ் வழங்குவதைப் பற்றியது. 59ஆம் பிரிவு அந்தச் சான்றிதழில் குறை உள்ளவர் மேல்முறையீடு செய்வதைப் பற்றியது. மேல்முறையீட்டை விசாரிக்கும் அலுவலரையும் அதற்கான காலவரம்பையும் மாநில அரசு குறிக்கிறது. ஆகவே சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அலுவலகத்துக்கு நடந்தீர்கள் என்பது கணக்கில் வராது. வாய்மொழியாகக் கிடைத்த பதிலுக்கு மேல்முறையீடு கிடையாது. தாளில் உள்ள முடிவுக்குத்தான் உண்டு. வழக்கறிஞர் தொழிலின் தொடக்க காலத்தில் நானே ஒரு குடும்பத்தை "இன்னொரு முறை நேரில் போய்ப் பேசிப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டு, அவர்கள் மாதக்கணக்கில் அலைந்து திரும்பி வந்தபோது, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு எழுத வேண்டிய நிலைக்கு ஆளானேன்.

25 என்ற எண் எப்படி வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கு மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் ஒரு விழுக்காட்டைப் போட்டுவிடுவதில்லை. அறிவுத்திறன் சோதனையோடு, அன்றாட வாழ்வில் அந்தப் பிள்ளை என்னென்ன செய்கிறான் என்பதை அளக்கும் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் என்ற சோதனையும் நடக்கும். மத்திய அரசு 2018 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, அந்த அளவுகோலில் மதிப்பு 70 முதல் 84 வரை வந்தால் 25 விழுக்காடு. 55 முதல் 69 வரை வந்தால் 50 விழுக்காடு. 36 முதல் 54 வரை வந்தால் 75 விழுக்காடு. நடுவில் 40, 45 என்றெல்லாம் எதுவும் கிடையாது. அதாவது மதிப்பு 69 ஆக இருந்தால் உங்கள் மகன் உதவித்தொகைக்குத் தகுதியானவன். 70 ஆக இருந்தால் தகுதியற்றவன். அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகைக்கான வரம்பு 40 விழுக்காடு என்பதால், ஒரே ஒரு புள்ளி உங்கள் வீட்டு அரிசியைத் தீர்மானித்துவிடுகிறது. 2024 மார்ச்சில் இந்த நெறிகள் திருத்தி வெளியிடப்பட்டன. உங்கள் மகனுக்கு எந்த நெறிப்படி, எந்தச் சோதனை, எந்த நாளில் நடந்தது, மதிப்பு எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். நோயாளியோ அவருடைய பொறுப்பாளரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதிகளில் எழுதப்பட்ட கடமை.

இப்போது கொஞ்சம் சங்கடமான ஒன்றைக் கேட்கிறேன். வைன்லாந்து சோதனையில் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் பிள்ளை அல்ல. உடன் வந்திருக்கும் தாய்தான். "தானே குளிப்பானா?" "குளிப்பான்." "சட்டை போட்டுக்கொள்வானா?" "போட்டுக்கொள்வான்." "கடைக்குப் போவானா?" "போவான்." இந்தப் பதில்களைப் பல தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில், "என் மகனால் முடியாது" என்று எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஒரு தாயிடம் பிறகு நிதானமாகக் கேட்டேன். கடைக்குப் போவான் என்றது உண்மைதான். ஆனால் அவர் சீட்டில் எழுதி, காசை அதற்குள் மடித்து, பையின் காதில் முடிந்து கொடுத்துவிடுவார். கடைக்காரர் முடிச்சை அவிழ்த்து, சீட்டைப் படித்து, மீதியைத் திரும்ப மடித்து முடிந்து அனுப்புவார். தெரு முனையில் புதிதாக ஒரு கடை திறந்தபோது, பழகிய கடைக்காரர் இல்லாததால் அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்றிருக்கிறான். சட்டை போடுவது உண்மை. பொத்தான் ஒன்று மாறினால் கடைசி வரை மாறியே போகும். குளிப்பதும் உண்மை, தண்ணீர் சூடா என்று தாய் தொட்டுப் பார்த்த பிறகு.

"போவான்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கிப்போய்விடுகிறது. ஆகவே மேல்முறையீட்டுக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தில், காலையில் எழுந்தது முதல் படுக்கப் போவது வரை உங்கள் மகன் எதைத் தானே செய்கிறான், எதை நீங்கள் நினைவூட்டினால் செய்கிறான், எதைக் கையைப் பிடித்துத்தான் செய்ய வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். பொய்யாகச் சலுகை பெற முயன்றால் அதே சட்டத்தின் 91ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆனால் குறைத்துச் சொல்வதும் தவறுதான்; அதற்குத் தண்டனையை உங்கள் மகன் அனுபவிக்கிறான்.

மேல்முறையீட்டோடு வைக்க வேண்டியவை: பத்து வயதில் தரப்பட்ட 50 விழுக்காட்டுச் சான்று, புதிய சான்று, சோதனைத் தாளின் நகல், சிறப்புப் பள்ளியிலோ பகல் நேரப் பராமரிப்பு மையத்திலோ படித்திருந்தால் அங்கிருந்து ஒரு கடிதம், மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவச் சீட்டுகள். மறு மதிப்பீடு வேண்டும் என்று மனுவில் தெளிவாகக் கேளுங்கள். வேறோர் இடத்தில் மதிப்பீடு செய்து அந்த அறிக்கையைச் சேர்க்க விரும்பினால், புதுச்சேரி ஜிப்மரின் மனநல மருத்துவத் துறைக்குப் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகலாம். இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்கள். தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டி வாங்கும் அறிக்கையைவிட இவற்றின் அறிக்கைக்கு அதிகாரிகள் மத்தியில் மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

இரண்டாவது, பணத்தை நிறுத்திய முடிவு. 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட இந்த உதவித்தொகையை, பல ஆண்டுகளாகப் பெற்றுவந்த ஒருவரிடமிருந்து நிறுத்தும்போது, ஏன் நிறுத்துகிறோம் என்று முன்னரே எழுத்தில் தெரிவித்து, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் சொல்வது இதைத்தான். உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வந்ததாக இல்லை. எனவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள்: எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது, அதன் நகல் வேண்டும், சான்றின் மீது மேல்முறையீடு செய்கிறேன், அது முடியும் வரை தொகையைத் தொடர வேண்டும், நின்ற மாதத்திலிருந்து நிலுவையையும் தர வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வெற்றி கிடைத்தாலும் அன்றைய தேதியிலிருந்துதான் பணம் வருகிறது.

மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத மனு, கொடுக்காத மனு. முப்பது நாளில் பதில் இல்லையென்றால், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நகலைக் கேளுங்கள். அந்தச் சட்டத்திலும் பதிலுக்கு முப்பது நாள்தான் கெடு. கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாதாடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல.

இனி செலவைப் பற்றி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில், இலவச சட்ட உதவிக்கு யாரெல்லாம் உரியவர்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதில் மாற்றுத்திறனாளிகள் ஒரு வகை. பெண்கள் இன்னொரு வகை. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் மகன் ஒரு வழியிலும் நீங்கள் இன்னொரு வழியிலும் தகுதி பெறுகிறீர்கள். வருமானச் சான்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். "இது கோர்ட் வழக்கு இல்லையே, மேல்முறையீட்டு மனுதானே" என்று யாராவது சொன்னால், அதே சட்டம் நீதிமன்றத்தோடு நின்றுவிடாமல் மற்ற அதிகார அமைப்புகளின் முன் நடத்தும் விவகாரங்களையும், வெறும் சட்ட ஆலோசனையையும் சட்டப்பணி என்றே சொல்கிறது என்று எடுத்துச் சொல்லலாம்.

பண்ருட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கோ, கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே எழுதித் தருவார்கள். தொலைபேசியில் கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு நீங்கள் ஒரு பைசா கூடத் தர வேண்டியதில்லை. அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லி வேறொருவரைக் கேட்கலாம். இதைச் சொல்லத் தயங்காதீர்கள். இலவச வக்கீல் என்றால் அரைகுறை வக்கீல் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நானும் அந்தப் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் அதை முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன், முழுக்க மறுக்கவும் மாட்டேன்.

மகனுக்கு 18 வயது கடந்துவிட்டதால் கையெழுத்து யார் போடுவது என்ற கேள்வி எழும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, சட்டப்படியான பாதுகாவலர் நியமனத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் வரை மேல்முறையீட்டை நிறுத்தி வைக்க வேண்டாம். தாய் என்ற முறையில் மகன் சார்பாக மனு கொடுக்கலாம்.

இதற்கு மேலும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்கவும், உரிமையியல் நீதிமன்றம் போல ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அலுவலகத்தின் முடிவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு. அங்கும் உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் மேல்முறையீடு என்ற வழி திறந்திருக்கும்போது நேராக அங்கே போனால், முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லக்கூடும். "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்ற ஆணை மட்டும் கிடைப்பதும் வழக்கம். அதை வெற்றி என்று எண்ணி இனிப்பு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசீலித்துவிட்டு மறுபடி மறுக்கவும் முடியும்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே மருமகனுக்கு ஊனமுற்றோர் உதவி மறுக்கப்பட்டு, வழக்கறிஞர் ஒருவர் "ஜெயித்தால் மட்டும் பணம்" என்று எடுத்து நடத்துகிறார். நம் ஊரிலும் அப்படி ஒரு வழக்கறிஞரைப் பிடிக்க முடியாதா?
— புதுச்சேரி, முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: முடியாது, முடிந்தாலும் கூடாது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் விண்ணப்பத்தை மறுத்தால், மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதியின் விசாரணை, மேல்முறையீட்டு மன்றம், பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் என்று படிப்படியாகப் போகலாம். ஒவ்வொரு படிக்கும் 60 நாள் கெடு. வழக்கறிஞரின் கட்டணத்தை அந்த நிர்வாகமே அனுமதிக்கிறது: நிலுவையாகக் கிடைக்கும் தொகையில் 25 விழுக்காடு, அல்லது 2024 நவம்பர் இறுதியிலிருந்து 9,200 டாலர் என்ற உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அது. உங்கள் மருமகனின் வழக்கறிஞர் ஒன்றும் தவறு செய்யவில்லை.

இங்கே இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள், வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடை செய்கின்றன. ஆகவே "வருகிற அரியர்ஸில் பாதி" என்று பேசும் ஒருவர் வழக்கறிஞராக இருந்தால் விதியை மீறுகிறார். வழக்கறிஞர் இல்லையென்றால் அவர் இடைத்தரகர். ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் எளியவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் தாளுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள், அது நேர்மையான பிழைப்பு. "டாக்டரைத் தெரியும், விழுக்காட்டை ஏற்றித் தருகிறேன்" என்பவரைச் சொல்கிறேன். அப்படி வாங்கிய சான்று பிற்பாடு ரத்தாகும்போது வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கேள்வி: என் தம்பி கடலில் தொழில் செய்பவன். போன ஆண்டு வலை இழுக்கும்போது கயிறு அறுந்து, கொக்கி இடது கண்ணில் பட்டது. பார்வை போய்விட்டது. வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு இருந்தது. கேட்டதற்கு, எஃப்.ஐ.ஆர். இல்லை என்று மறுத்துக் கடிதம் வந்திருக்கிறது. நடுக்கடலில் நடந்ததற்கு யார் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள்?
— கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: நல்ல கேள்வி, அதே கேள்வியை அப்படியே அவர்களுக்கும் எழுதலாம். நீங்கள் சொல்வது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரை உள்ள வங்கிக் கணக்குதாரர்களுக்கானது. விபத்தில் ஒரு கண்ணின் பார்வை முழுவதுமாக, திரும்பப் பெற முடியாதபடி போனால் ஒரு லட்சம் ரூபாய். இரு கண்களும் போனால் இரண்டு லட்சம்.

அந்தத் திட்டத்தின் விதியிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. சாலை விபத்து, ரயில் விபத்து, நீரில் மூழ்குதல், குற்றச் செயலால் நேரும் மரணம் போன்றவற்றுக்குத்தான் காவல் நிலையப் பதிவு வேண்டும். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு, உடனடியாகச் சேர்ந்த மருத்துவமனையின் பதிவே காரணத்தை உறுதிப்படுத்தப் போதும் என்கிறது விதி. தொழில் செய்யும்போது கொக்கி பட்டது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று வாதிட முழு இடம் இருக்கிறது. ஆகவே கரை சேர்ந்த அன்று முதன்முதலில் காட்டிய மருத்துவமனையில், அந்த முதல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் உயிர்நாடி. "கொக்கி பட்டு அடி" என்று இருந்தால் கவலை இல்லை. அவசரத்தில் வெறுமனே "கண் வலி, சிவப்பு" என்று எழுதியிருந்தால், பிறகு அறுவை செய்த மருத்துவரிடம் காயத்தின் தன்மையைக் குறித்து ஒரு சான்று வாங்குங்கள். படகில் உடன் இருந்தவர்கள் இருவரிடம் உறுதிமொழிப் பத்திரமும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒரு கடிதமும் சேருங்கள். மருத்துவக் குழுவிடம் பார்வை இழப்புக்கான சான்றும் வேண்டும். விபத்து நடந்த தேதியில் அந்த ஆண்டுக்கான 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்ததைக் காட்டும் பாஸ்புக் பக்கத்தையும் வையுங்கள். அந்தக் காப்பீட்டு ஆண்டு சூன் 1 முதல் மே 31 வரை.

இவற்றோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலில் முறையீடு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், மறுத்தாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அவரே. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். கட்டணம் இல்லை. அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாட முடியாது. உங்கள் தம்பி நேரில் சொன்னால் போதும், அது அவருக்கு நல்லதும்கூட. அங்கே முடியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு காலவரம்பு. அதற்கு சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரைக் கேட்கலாம். பார்வைச் சான்றைக் காட்டி, இலவச சட்ட உதவிக்கான 12ஆம் பிரிவு உங்கள் தம்பிக்கும் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். குறைதீர்ப்பாளரிடமும் நுகர்வோர் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் போட வேண்டாம்; ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் கோப்பை மூடிவிடுவார்.

கேள்வி: என் தாயாருக்குப் பார்வை இல்லை. கடலூரில் வாங்கிய சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) உள்ளன. அப்பா காலமான பிறகு என்னோடு பாகூர் பக்கம் வந்துவிட்டார். இங்கே உதவித்தொகைக்குப் போனால், தமிழ்நாட்டுச் சான்று செல்லாது என்கிறார்கள். கடலூரில் கேட்டால், குடியிருப்பு மாறிவிட்டது என்கிறார்கள். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று நிற்கிறோம்.
— பாகூர் கொம்யூன் வாசகி

பதில்: முள்ளோடையைத் தாண்டும் பேருந்தில் சீட்டு வாங்கும் தூரத்தில் இரண்டு அரசுகள் இருப்பதால் வரும் தொல்லை இது. இதிலும் இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். சான்று செல்லாது என்பது தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 58ஆம் பிரிவே, அப்படித் தரப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. புதுச்சேரியில் மீண்டும் ஒரு மருத்துவக் குழு முன் உங்கள் தாயாரை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. குடியிருப்பு என்பது வேறு. பணத்தைத் தருவது அந்தந்த அரசு என்பதால், தன் எல்லைக்குள் வசிப்பவருக்கு மட்டும் தருவோம் என்று நிபந்தனை போட அதற்கு உரிமை உண்டு.

ஆகவே தாயாரின் பெயரைக் கடலூர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கி உங்கள் அட்டையில் சேர்ப்பது, ஆதார் முகவரியை மாற்றுவது, கடலூரில் வந்துகொண்டிருந்த தொகை எந்த மாதத்தோடு நின்றது என்று ஒரு கடிதம் வாங்குவது ஆகிய மூன்றையும் முதலில் முடியுங்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு இரண்டு தொகையும் வாங்க நேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு புதுச்சேரி சமூக நலத்துறையில் புதிய விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஏற்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் விண்ணப்பத்தை ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். எழுத்தில் வரும் மறுப்பில் "சான்று செல்லாது" என்றே இருந்தால் உங்கள் வழக்கு மிக எளிது. புதுச்சேரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள். 12ஆம் பிரிவு அங்கேயும் அதேதான். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னையில் உள்ளதுதான். தாயாரை நேரில் அழைத்துப் போக முடியாவிட்டால், அவருடைய கைரேகையோ கையெழுத்தோ உள்ள அதிகாரக் கடிதத்தையும் யு.டி.ஐ.டி. அட்டையின் நகலையும் கொண்டு நீங்களே போகலாம்.